முருகைக்கல்லும் சட்டமும்

மட்டக்களப்பு வாவிக்கு வடக்கே, பாசிக்குடாவில் கடல் குளம்போல் அடங்கிக் கிடக்கும். கரைக்கு அப்பாலுள்ள முருகைக் கற்பாறைகள் பேரலைகளின் வேகத்தைத் தணித்து விடுவதே அதற்குக் காரணம். சிற்றுயிர்கள் பல நூற்றாண்டுகளாகக் கட்டியெழுப்பிய மதில் அது. மீன்குஞ்சுகளுக்குப் புகலிடமும் அதுவே.

அக்கல்லைச் சுட்டால் வெண்சுண்ணாம்பு கிடைக்கும். சுவர் பூசவும் வெற்றிலைக்குத் தடவவும் மக்கள் அதனை நெடுங்காலம் பயன்படுத்தினர். சூளைக் கூலியால் உலையேற்றிய குடும்பங்களும் கரையோரங்களில் இருந்தன.

1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் 1983 இல் நடைமுறைக்கு வந்தது. நிலப்புறம் 300 மீற்றரும் கடற்புறம் 2 கிலோமீற்றரும் கரையோர வலயமாயின. 1988 ஆம் ஆண்டின் திருத்தம் மேலும் கடுமையானது. அவ்வலயத்தில் முருகைக்கல்லை அகழ்தல், சேர்த்தல், ஏற்றிச் செல்லல், சுடுதல் யாவும் குற்றமாயின. அதைச் சுடும் சூளையும் தடுக்கப்பட்டது.

ஆனால் அவ்வாண்டுகளிலேயே கிழக்கில் போர் மூண்டிருந்தது. நாட்டில் அது 2009 வரை நீடித்தது. கொழும்பில் எழுதப்பட்ட சட்டம் இக்கரைகளை முழுமையாக எட்டுதல் அரிதாயிற்று. இதற்கிடையே 1998 இல் கடல்நீர் வெப்பமேற, இலங்கைக் கரைகள் பலவற்றில் மனிதர் கை படாத முருகைகளும் வெளிறி மடிந்தன. வெப்பத்தைத் தடுக்கும் வலிமை இச்சட்டத்துக்கு இல்லை. எனினும் மடிந்த பாறையும் அலையைத் தாங்கும். புதிய முருகை அதன்மேலேயே வேர்கொள்ளும். ஆதலால் அதனையும் பெயர்த்தெடுத்தல் ஆகாது.

சட்டம் கடப்பாரையைத் தடுக்கலாம்; அதனை ஏந்திய கைக்கு வேறு தொழில் காட்டுவது அரசின் கடன். அக்கடன் தீராதவிடத்துச் சூளை மறைவில் புகையும்.