கொள்ளைநோயும் அமெரிக்க மக்கள் கருத்தும்



ஒரு நாட்டின் வெளியுறவுக் கொள்கையை வகுப்பது யார்? அதிபரும் அமைச்சரும்தானே என்று சட்டென்று சொல்லிவிடுவோம். சரித்திரத்தைப் புரட்டினால், பொதுமக்களின் எண்ணத்துக்கும் அதில் பெரும் பங்குண்டு என்பது தெரியவரும். கொள்ளைநோய்க் காலத்தில் இது இன்னும் தெளிவாகப் புலப்படும். அமெரிக்காவில் எழுந்த ஓர் எண்ண அலை, நம் தம்போய்க்கு அருகிலுள்ள ஜொகூர் நீரிணை வரை வந்து மோதிய கதையைக் கேளுங்கள்.

போரும் காய்ச்சலும்

1918-ஆம் ஆண்டு. முதல் உலகப்போர் முடியும் தறுவாயில் இன்புளுவென்சா என்னும் விஷக்காய்ச்சல் உலகெங்கும் பரவியது. போரிட்ட நாடுகளில் பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டு. போரில் சேராத ஸ்பெயினில் மட்டும் செய்தி தாராளமாக வெளிவந்தது. பழி அந்நாட்டின் மேல் விழுந்து, “ஸ்பானியக் காய்ச்சல்” என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது!

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், 1918 செப்டம்பர் 28-ஆம் நாள், போர்க்கடன் திரட்டப் பெரிய ஊர்வலம் நடத்தினார்கள். கூடாதென்று சில மருத்துவர்கள் எச்சரித்தும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சில நாட்களில் மருத்துவமனைகளில் இடமில்லாமல் போனது. அந்நோயால் மாண்ட அமெரிக்கர்கள் ஏறத்தாழ 6,75,000 பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேல். மலாயாத் தோட்டங்களிலும் நம் தமிழ்த் தொழிலாளர்கள் பெருந்தொகையாக மடிந்தார்கள்.

மக்கள் தீர்ப்பு

போர் முடிந்ததும் அதிபர் உட்ரோ வில்சன் பாரிசுக்குச் சென்றார். இனிப் போர் வராமல் தடுக்கச் சர்வதேச சங்கம் ஒன்றை அமைக்க வேண்டும் என்பது அவர் கனவு. 1919 ஏப்ரலில் அவரே கடும் காய்ச்சலில் படுத்துவிட்டார். பிறகு நாடு திரும்பி, மக்களிடம் ஆதரவு கேட்டு ஊர் ஊராகப் பேசினார். அக்டோபரில் பக்கவாதம் அவரைச் சாய்த்தது. 1919 நவம்பரிலும் 1920 மார்ச்சிலும் செனட் சபை ஒப்பந்தத்தை ஏற்க மறுத்தது.

இதற்கு நோய் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. கட்சிப் பகை இருந்தது. வில்சனின் விட்டுக்கொடுக்காத குணமும் சேர்ந்துகொண்டது. ஆனாலும் போராலும் நோயாலும் அலுத்துப்போன மக்கள், “ஊர் வம்பு நமக்கெதற்கு? நம்ம வீட்டைப் பார்ப்போம்” என்ற மனநிலைக்கு வந்திருந்தார்கள். பழைய அமைதி வாழ்வுக்குத் திரும்புவோம் என்ற வாரன் ஹார்டிங், 1920 நவம்பர் தேர்தலில் சுமார் 60 விழுக்காடு வாக்குகள் பெற்று வென்றார். சங்கம் பிறந்தது, அமெரிக்கா சேரவில்லை.

சிங்கப்பூரில் ஓர் அலுவலகம்

இங்கேதான் கதை நம் பக்கம் திரும்புகிறது. அந்தச் சர்வதேச சங்கத்தின் சுகாதாரப் பிரிவு, 1925-இல் சிங்கப்பூரில் ஒரு கீழ்த்திசை அலுவலகத்தைத் திறந்தது. ஜொகூர் பாலம் திறப்புவிழாக் கண்டதற்கு மறு ஆண்டு அது. எந்தத் துறைமுகத்தில் காலரா, எங்கே பெரியம்மை, எங்கே பிளேக் என்று தந்தியில் செய்தி சேகரித்து, வாரந்தோறும் மற்றத் துறைமுகங்களுக்கு அறிவிப்பதே அதன் வேலை.

நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிப் பினாங்குக்கு வந்த நம் முன்னோர்கள், ஜெரெஜா தீவின் தனிமை முகாமில் தடுத்து வைக்கப்பட்ட காலம் அது. புறப்பட்ட ஊரில் நோய் உண்டா இல்லையா என்ற செய்தி முன்கூட்டியே கிடைப்பது எவ்வளவு பெரிய காரியம்!

அந்த அலுவலகத்தைத் தொடங்கப் பணம் கொடுத்தது யார் தெரியுமா? அமெரிக்காவின் ராக்கபெல்லர் அறநிறுவனம்! அரசாங்கம் கதவை அடைத்தது. அந்நாட்டு அறப்பணம் சன்னல் வழியே வந்து உதவியது. 1942-இல் ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்ததோடு அங்கே அப்பணி நின்றுபோனது.

நம் காலத்தில்

நூறாண்டு கழித்துக் கோவிட்-19 வந்தது. 2020 கோடையில் பியூ ஆய்வு நிலையம் எடுத்த கருத்துக் கணிப்பில், அமெரிக்கர்களில் 73 விழுக்காட்டினர் சீனாவை வெறுப்போடு பார்த்தார்கள். அதே ஆண்டு ஜூலையில், உலகச் சுகாதார நிறுவனத்திலிருந்து விலகுவதாக அதிபர் டிரம்ப் அரசு அறிவித்தது. 2021 ஜனவரியில் பைடன் அதை ரத்துச் செய்தார். 2025 ஜனவரியில் டிரம்ப் மீண்டும் விலகல் ஆணை பிறப்பித்தார். மக்கள் வாக்கு மாற மாற, கொள்கையும் ஊசலாடியது. இடையில், 2021 ஜூலையில் அமெரிக்கா மலேசியாவுக்குப் பத்து லட்சம் பைசர் தடுப்பூசிகளை அன்பளிப்பாக அனுப்பியதையும் நன்றியோடு சொல்ல வேண்டும்.

நம் வாசலிலும் கதவு அடைபட்டதே! 2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. நாள்தோறும் மூன்று லட்சம் பேர் கடந்த பாலம் வெறிச்சோடியது. அப்பா அக்கரையில், பிள்ளை இக்கரையில் என்று எத்தனை குடும்பங்கள்! 2021 நவம்பர் 29-இல் தடுப்பூசி போட்டவர்களுக்குப் பேருந்து வழி திறந்தது. 2022 ஏப்ரல் 1-ஆம் நாள் பாலம் முழுமையாகத் திறந்தது.

நோய் பரவும்போது சில நாள் கதவடைப்பது தேவைப்படலாம். ஆனால் செய்தியையும் மருந்தையும் தடுக்கும் கதவு யாரையும் காப்பதில்லை. 1925-இல் நீரிணைக்கு அக்கரையில் தந்தி இயந்திரம் நமக்குச் சொல்லித் தந்த பாடம் இதுதான்.

மாணவர்களே, நீங்களும் நாளை வாக்காளர்கள். பயம் பேசும் நேரத்தில் அறிவைப் பேசவிடுங்கள். நாளேடு படியுங்கள்; வதந்தியைச் சலித்துப் பாருங்கள்; அயலார் துன்பத்தைத் தம் துன்பமாக எண்ணும் மனத்தை வளர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் எண்ணமே நாளைய நாட்டின் கொள்கை.

வாழ்க நம் பள்ளி! வளர்க மாணவர் அறிவு!