பழ ஈயின் மூளையில் ரோபோக்களுக்கு ஒரு பாடம்

இத்தாலியின் பலெர்மோ நகரில் பல்லரோ சந்தைக்குச் செல்லும் தமிழர்கள், மிகவும் பழுத்த பழங்களை மொய்க்கும் சிறு ஈக்களைக் கையால் விரட்டிவிட்டே பழங்களைத் தெரிவு செய்கின்றனர். சுமார் 3 மில்லிமீற்றர் நீளமுள்ள இந்தப் பழ ஈயின் மூளையைத்தான், அதே சிசிலித் தீவின் கிழக்குக் கரையிலுள்ள கத்தானியா பல்கலைக்கழகப் பொறியியலாளர்கள் ரோபோக்களுக்கு முன்மாதிரியாகக் கொண்டனர்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன் 2004 இல் தொடங்கிய 'ஸ்பார்க்' என்ற திட்டமும், 2008 இல் ஆரம்பமான அதன் இரண்டாம் கட்டமும் இந்த ஆய்வுக்கு வழிவகுத்தன. பேராசிரியர் பாவ்லோ அரேனாவின் குழுவினர், பழ ஈயின் நடத்தையை ஆராயும் ஜேர்மனிய விஞ்ஞானி ரோலன்ட் ஸ்ட்ராவுஸுடன் இணைந்து பணியாற்றினர்.

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புக் கலங்கள் உள்ளன. 2024 இல் வெளியான முழுமையான வரைபடத்தின்படி, வளர்ந்த பழ ஈயின் மூளையில் இருப்பவை ஏறத்தாழ 1,39,000 மட்டுமே. ஆயினும் அது வழி தேடுகிறது, மணங்களை நினைவில் கொள்கிறது, தடைகளைத் தாண்டுகிறது. பெரும் கணினியோ மிகுந்த மின்சக்தியோ இன்றி இவை எவ்வாறு இயல்கின்றன என்பதே பொறியியலாளர்களின் கேள்வி.

ஸ்ட்ராவுஸ் குழுவினர் 2008 இல் வெளியிட்ட பரிசோதனை ஒன்று இதற்கு ஒரு விடையைத் தந்தது. கருமையான ஒரு பட்டையை நோக்கி ஈ நடந்துகொண்டிருக்கையில் அந்தப் பட்டை மறைக்கப்பட்டது. பக்கவாட்டில் வேறொன்று காட்டப்பட்டது. ஈ அதன் பக்கம் திரும்பியதும் அதுவும் மறைக்கப்பட்டது. அப்போது ஈ, கண்ணுக்குத் தெரியாத தனது முதல் இலக்கு இருந்த திசைக்கே மீண்டும் திரும்பியது. சில விநாடிகளே நீடிக்கும் இந்த நினைவு, மூளையின் நடுவில் வளையம் போல் அமைந்த ஒரு பகுதியில் தங்கியிருப்பதும் கண்டறியப்பட்டது.

இந்தப் பகுதியின் கணினி மாதிரி ஒன்றைக் கத்தானியா குழுவினர் ஸ்ட்ராவுஸுடன் சேர்ந்து 2013 இல் வெளியிட்டனர். எனினும் இத்தகைய மாதிரிகள் உயிருள்ள மூளையின் மிக எளிமையான வடிவங்களே. நரம்பு இணைப்புகளின் வரைபடம் கிடைத்துவிட்டதால் மட்டும் ஈயின் நடத்தை முழுவதும் விளங்கிவிடாது.

தொலைவிலிருந்து எவரும் இயக்காமலே தன் இலக்கை நினைவில் வைத்திருக்கும் இயந்திரம், இடிபாடுகளுக்குள் சிக்கியோரைத் தேட உதவலாம். அதே திறன் போர்க்களத்துக்கும் பொருந்தும். வன்னியில் தலைக்கு மேல் சுற்றிய ஆளில்லா வேவு விமானத்தை மக்கள் 'வண்டு' என்றே அழைத்தனர். அந்த ஒலியைக் கேட்டு வாழ்ந்தவர்களுக்கு, இயந்திரத்தின் நினைவாற்றலைக் காட்டிலும் அதற்கு இலக்கை வகுத்துக் கொடுப்பவர் யார் என்பதே முதன்மையான கேள்வியாகும். அதற்கான பதிலை ஈயின் மூளையில் தேட முடியாது. அரசுகளே அளிக்க வேண்டும்.