வன்னிக் கிறிஸ்தவரின் பழைய கடன்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில் இருக்கிறது முரசுமோட்டை. 2009 ஜனவரியில் வன்னிச் சனம் மூட்டை முடிச்சோடு கிழக்கே நகர்ந்தது இந்த வீதியால்தான். போரின் அந்தக் கடைசி மாதங்களில் குருமாரும் கன்னியாஸ்திரிகளும் சனத்தோடு நின்றதைப் போர்க்காலத்து வீரமாகவே பலர் பேசுகிறார்கள். எனக்கு அது முந்நூறு ஆண்டுக்கும் மேற்பட்ட வழக்கத்தின் தொடர்ச்சியாகவே தெரிகிறது. வன்னிக் கிறிஸ்தவர் இரங்கக் கற்றது, முதலில் தாமே பிறர் இரக்கத்தில் பிழைத்ததால்.

1658இல் யாழ்ப்பாணத்தையும் மன்னாரையும் பிடித்த ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருவுக்கு இடம்கொடுப்போருக்கு மரண தண்டனை என்று அறிவித்தார்கள். மாந்தையிலிருந்து சில குடும்பங்கள் மாதாவின் திருச்சொரூபத்தோடு காட்டுக்குள் போய், 1670 அளவில் மருதமடுவில் தங்கின. இன்றைய மடுத் திருப்பதியின் தொடக்கம் அது. கோவாவிலிருந்து 1687இல் பிச்சைக்காரக் கோலத்தில் வந்த கத்தோலிக்கக் குரு யோசேவாஸ் அடிகளாரை யாழ்ப்பாணத்துச் சில்லாலை ஊரவர் ஒளித்துவைத்துச் சோறு போட்டார்கள். அந்தச் சோற்றுக்கு விலை உயிராக இருந்திருக்கலாம். பின்னர் கண்டியில் அவரை ஒற்றன் என்று சிறைவைத்தார்கள். ஆனாலும் பௌத்த அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் நாளடைவில் அவரைத் தடையின்றி நடமாட விட்டான். கண்டியில் அம்மை பரவி, உறவினரே நோயாளரைக் காட்டில் விட்டுப் போனபோது, அடிகளார் கொட்டில் போட்டு, கஞ்சி கொடுத்து, புண் கழுவி, இறந்தோரைப் புதைத்தார். மதம் கேட்கவில்லை.

ஒல்லாந்தர்மீதிருந்த பகையால்தான் அரசன் இடம்கொடுத்தான் என்பார்கள். அரசியல் இருந்திருக்கும், அதனால் பிழைத்தவனின் கடன் குறையாது. ஆள்சேர்க்கவே அடிகளார் நோயாளரைப் பார்த்தார் என்ற சந்தேகம் இன்னும் கனமானது. அந்தத் தொண்டால் அரசனின் மதிப்பு அவருக்குக் கூடியது உண்மை. ஆனால் சாகக்கிடந்தவர்களைக் கழுவித் துடைத்து எந்தச் சபையும் தன் தொகையைப் பெருக்க முடியாது.

அந்த வழக்கம் போர்க்காலத்திலும் தொடர்ந்தது. 1990 தொடக்கம் மடு வளவு பல்லாயிரம் அகதிகளுக்கு, சைவர் உட்பட, வீடாயிற்று. 1999 நவம்பர் 20இல் அங்கே ஷெல் விழுந்து ஏறக்குறைய நாற்பது பேர் இறந்தார்கள். உருத்திரபுரம் பங்குத்தந்தை சரத்ஜீவன் அடிகளார் கடைசிவரை சனத்தோடு இருந்து, 2009 மே 18இல் உயிரிழந்தார். அப்படியொரு வழியில் வந்தவர்கள், முரசுமோட்டையிலோ வேறெங்கோ வாசலில் வந்து நிற்பவரிடம் எந்தச் சபை, எந்தப் பக்கம் என்று கேட்பது நியாயமில்லை. பசியா என்று மட்டும் கேளுங்கள்.