அடுப்புக்கு அடியே வந்த கல்

திருப்பத்தூர் மாவட்டத்துச் செவ்வாத்தூரில் பூமிக்குள்ளிருந்து ஏடு ஏடாக ஒரு கல் வருகிறது. வெண்கல நிறம், சில இடத்தில் பொன் நிறம். நகத்தைக் கொடுத்தால் இதழ் பிரியும். பார்வைக்கு அப்பிரகம்தான். ஆனால் அப்பிரக ஏட்டை வளைத்து விட்டால் துள்ளி நிமிரும். இது வளைத்தால் வளைந்தபடியே கிடக்கும். பெயர் வெர்மிகுலைட். மாடித்தோட்டம் போடுகிறவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமாகிவிட்டது. நர்சரியில் தேங்காய் நார்த்தூளோடு கலந்து விற்கிறார்களே, அதுவேதான். செடிக்கு ஈரம் காப்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது என்று நினைப்பவர்களுக்காக அதன் முழுக் கதையையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கதை ஏறத்தாழ 80 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்குகிறது. பூமியின் ஆழத்திலிருந்து சுண்ணாம்புத் தன்மை கொண்ட அபூர்வமான குழம்பு ஒன்று செவ்வாத்தூர்ப் பகுதியில் மேலே ஏறியது. கார்பனடைட் என்று அதைப் புவியியலார் சொல்வார்கள். உலகத்தில் இந்தப் பாறை உள்ள இடங்கள் குறைவு. நமக்கு வாய்த்த சிலவற்றில் செவ்வாத்தூர் ஒன்று. அந்தக் குழம்பு சுற்றியிருந்த கரும்பாறையோடு வினைபுரிந்து அதில் கரு அப்பிரகத்தை விளைவித்தது. பிறகு வந்தது தண்ணீரின் காலம். மழையும் நிலத்தடி நீரும் அந்த அப்பிரகத்துக்குள் மெல்ல நுழைந்து, ஏடுகளைப் பிணைத்து வைத்திருந்த பொட்டாசியத்தைக் கரைத்துக்கொண்டு போயின. காலியான இடத்தில் மக்னீசியமும் நீர் மூலக்கூறுகளும் வந்து உட்கார்ந்தன. ஏட்டுக்கும் ஏட்டுக்கும் நடுவே சிறைப்பட்ட அந்தத் தண்ணீர்தான் இந்தக் கல்லின் மொத்த மதிப்பும்.

அதை வெட்டி எடுப்பது தமிழ்நாடு அரசின் கனிம நிறுவனமான டாமின். வெட்டியெடுத்த கல்லை உடைத்துச் சலித்து உலைக்கு அனுப்புகிறார்கள். 900 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கொதிக்கும் உலையில் சில நொடிகள் விழுந்து வெளியேறினால் போதும். உள்ளே இருந்த தண்ணீர் சட்டென்று ஆவியாகிறது. வெளியேற வழியில்லாமல் ஏடுகளை நெட்டித் தள்ளுகிறது. நெல் பொரிவது போலக் கல் பொரிகிறது. தரத்தைப் பொறுத்து 8 மடங்கிலிருந்து 30 மடங்கு வரை பருமன் கூடும். உள்ளங்கையில் கனமாக உட்கார்ந்த கல் இப்போது ஊதினால் பறக்கும். ஒரு கன மீட்டர் தண்ணீர் 1,000 கிலோ என்றால், அதே கொள்ளளவு பொரித்த வெர்மிகுலைட் பெரும்பாலும் 160 கிலோவுக்குள் நின்றுவிடும்.

பொரிந்த ஏடுகளுக்கு இடையில் மிஞ்சுவது காற்று. அசையாமல் அடைபட்ட காற்றைப் போலச் சூட்டைத் தடுக்கும் மலிவான பொருள் வேறு கிடையாது. கருங்கல்லைப் பொரித்த வெர்மிகுலைட்டோடு ஒப்பிட்டால் அது 30, 40 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்துகிறது. வெர்மிகுலைட் எரியாது, புகையாது, உருகுவதற்கு 1,300 டிகிரி அளவு வேண்டும். இத்தனை குணமும் சேர்ந்திருப்பதால்தான் உலைகளின் உட்புறத்திலும், இரும்புத் தூண்களின் தீத்தடுப்புப் பூச்சிலும், மொட்டை மாடியில் வெயிலைத் தடுக்கும் தளத்திலும் இதைப் பார்க்கிறோம்.

இந்தக் கல்லின் வரலாற்றில் ஒரு கறுப்பு அத்தியாயமும் உண்டு. அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்து லிபி என்ற சிற்றூரில் 1920களிலிருந்து 1990 வரை வெர்மிகுலைட் தோண்டினார்கள். அங்கே கல்லோடு கல்லாகக் கல்நாரும் கலந்திருந்தது. சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் நுரையீரல் நோயில் விழுந்தார்கள். அவர்கள் உடுப்பில் ஒட்டி வீட்டுக்குப் போன தூசியால் மனைவி மக்களும் விழுந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். 2009இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை அந்த ஊருக்காகவே பொதுச் சுகாதார நெருக்கடிநிலையை அறிவித்தது. குற்றம் வெர்மிகுலைட்டின் மேல் இல்லை. கூட இருந்த கல்நார்மேல், அது தெரிந்தும் சொல்லாமல் இருந்தவர்கள்மேல். ஆனாலும் எந்தச் சுரங்கத்துச் சரக்கு, கல்நார் சோதனை நடந்ததா என்று விற்பவரைக் கேட்பது வாங்குபவரின் கடமை. நம் வீடுகளில் ஸ்டவ்வுக்கு அடியில் பழைய சிமென்ட் கூரை ஓட்டின் உடைசலைப் போடுகிற பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அந்த ஓடு கல்நார் ஓடு. சூட்டிலும் தேய்மானத்திலும் அது உதிர்க்கும் இழை கண்ணுக்குத் தெரியாது. இன்றே அதை எடுத்துவிடுங்கள். உடைக்காமல், நனைத்து எடுங்கள்.

அதற்குப் பதில் அடுப்புக்கு அடியில் எதைப் போடலாம் என்று பார்க்க ஒரு கோயில் ஊருக்குப் போவோம். செவ்வாத்தூரிலிருந்து கிழக்கே வந்தால் செங்கம், திருவண்ணாமலை, அவலூர்பேட்டை தாண்டி மேல்மலையனூர். செஞ்சிக்காரர்களுக்கு 20 கிலோமீட்டர் அளவில் இருக்கும் ஊர். அங்காளபரமேசுவரி புற்றுருவில் அமர்ந்த தலம். மாதாமாதம் அமாவாசை இரவில் ஊஞ்சல் உற்சவம் பார்க்க வரும் கூட்டம், விடியும்வரை திறந்த வெளியில்தான் தங்குகிறது. குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்து, குழந்தையைப் படுக்க வைத்து, பக்கத்திலேயே அடுப்பு மூட்டிச் சோறாக்குகிறார்கள். மாசி மயானக் கொள்ளைத் திருவிழாவுக்கும் தேருக்கும் கேட்கவே வேண்டாம். கூடாரம் அடித்துத் தங்குவதை மலையேறுகிறவர்களின் பொழுதுபோக்காகவே பேசுகிறோம். தமிழ்நாட்டில் அதிகம் பேர் வெளியில் தங்கிச் சமைப்பது இப்படிப்பட்ட கோயில் இரவுகளில்தான்.

முன்பு மூன்று செங்கல்லும் சுள்ளியுமே அடுப்பு. இப்போது வேனில் 5 கிலோ சிலிண்டரும் சின்ன பர்னரும் வருகின்றன. சிலர் திரி ஸ்டவ் கொண்டுவருகிறார்கள். அடுப்பு மாறிவிட்டது, அதன் அடியில் எதை வைப்பது என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. சீராக இல்லாத மண்ணில் வைத்தால் பாத்திரம் சாய்கிறது. காய்ந்த புல்மேல் வைத்தால் பற்றிக்கொள்கிறது. அட்டைப்பெட்டிமேலும் பிளாஸ்டிக் ஸ்டூல்மேலும் வைப்பவர்களைப் பார்க்கிறபோது நெஞ்சு பதறுகிறது. கல்மேல் வைத்தால் போயிற்று என்பதும் சரியில்லை. கருங்கல்லில் ஒரே இடம் மட்டும் சூடேறினால் அந்த இடம் விரிந்து மேல்தோல் பிளந்து தெறிக்கும். நம் கல்லுடைப்போர் விறகுத் தீ மூட்டிப் பாறையைப் பலகையாகப் பெயர்த்தது இந்தக் குணத்தை வைத்துத்தான்.

பழைய ஆட்கள் இதற்கு வழி வைத்திருந்தார்கள். புற்று மண்ணைக் குழைத்து அடுப்பு போடுவார்கள். கரையான் பிசைந்த அந்தக் களி நெருப்பில் எளிதில் வெடிக்காது. மேல்மலையனூரில் அதே புற்று மண் பிரசாதம். ஆனால் மண் அடுப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியாது. ஒரு நாட்டுச் செங்கல்லே 3 கிலோ இருக்கும்.

இங்கேதான் செவ்வாத்தூர்க் கல்லுக்கு வேலை இருக்கிறது. பொரித்த வெர்மிகுலைட் ஐந்து பங்குக்கு சிமென்ட் ஒரு பங்கு, அளவை கொள்ளளவில்தான், எடையில் இல்லை. முகக்கவசம் கட்டிக்கொண்டு முதலில் வெர்மிகுலைட்டை நீர் தெளித்து நனைத்துவிட வேண்டும், தூசி எழும்பாது. பிறகு சிமென்ட் தூவிக் கையால் புரட்ட வேண்டும். கரண்டியால் அழுத்திப் பிசைந்தால் ஏடுகள் நசுங்கிக் காற்று வெளியேறிவிடும், செய்வதன் நோக்கமே கெட்டுப்போகும். கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், பிழிந்தால் இரண்டொரு சொட்டுக்குமேல் தண்ணீர் வரக்கூடாது. 25 சென்டிமீட்டர் சதுரச் சட்டத்தில் பாதி நிரப்பி, கோழி வலைத் துண்டு ஒன்றை வைத்து, மேலே மீதியைப் போட்டு இரண்டரை சென்டிமீட்டர் கனத்துக்கு லேசாகத் தட்டினால் பலகை. அடியில் மூன்று சிறு குமிழ் கால் வைத்துவிட்டால் தரைக்கும் பலகைக்கும் நடுவில் காற்றோட்டம் கிடைக்கும். மூன்று கால் எந்த மேட்டுப்பள்ளத்திலும் ஆடாது. ஆனால் பலகையின் ஓரத்தை ஒட்டிப் பாரம் விழுந்தால் சாயும், அதனால் கால்களை விளிம்புக்கு அருகே வைத்து அடுப்பை நட்டநடுவில் நிறுத்த வேண்டும்.

ஒரு வாரம் ஈரச்சாக்கு போட்டு மூடிவைத்து, அதன்பின் நிழலில் நன்றாகக் காயவிட வேண்டும். இந்த இடத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். உள்ளே ஈரம் இருக்கும்போது தீயைக் காட்டினால், உலையில் கல்லைப் பொரித்த அதே நீராவி இப்போது பலகையைப் பிளக்கும். முதல் சில தடவை சின்னத் தீயில் சூடுகாட்டிப் பழக்க வேண்டும். மேலே ஒரு அலுமினியத் தகட்டை மடித்துப் போர்த்திவிட்டால் கீழ்நோக்கி வரும் அனல் திரும்பிவிடும், பலகையும் உதிராது. இவ்வளவும் சேர்ந்து எடை ஒரு கிலோவை ஒட்டியே நிற்கும். இதே அளவு கருங்கல் 4 கிலோவுக்குமேல். சிமென்ட் சேர்ந்ததால் வெர்மிகுலைட்டின் தடுப்புச் சக்தி கொஞ்சம் குறையும் என்பது உண்மை. சமையல் அடுப்பின் அடிச்சூட்டுக்கு இது தாராளம். நேராக விறகுத் தீயை இதன்மேல் மூட்டக்கூடாது. சிமென்டின் பலம் 400 டிகிரியைத் தாண்டினால் நிற்காது.

மேல்மலையனூர்ச் சந்தியில் எலுமிச்சை மாலையும் குங்குமமும் விற்கும் கடைகளில் இந்தப் பலகையும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் செய்து விற்கலாம், அமாவாசை இரவுக்கு வாடகைக்கும் விடலாம். மூலப்பொருள் ஒரு மாவட்டம் தாண்டி, வாங்குபவர்கள் மாதம் தவறாமல் வாசலில்.

பலகை வந்துவிட்டதே என்று வண்டிக்குள் அடுப்பு மூட்டக் கூடாது. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை ரயில் நிலையத்தருகே நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில், ஒளித்துக் கொண்டுவந்த சிலிண்டரைப் பற்றவைத்ததில் உத்தரப்பிரதேசத்து யாத்திரிகர்கள் 9 பேர் கருகி இறந்தார்கள். எந்தக் கல்லும் அங்கே காப்பாற்றியிருக்காது. வேனோ பஸ்ஸோ, சிலிண்டரைக் கீழே இறக்கி, பாயும் குழந்தைகளும் இல்லாத இடமாகப் பார்த்து, பலகையைப் போட்டுவிட்டுப் பற்றவையுங்கள்.