ஆறு திங்கள் காவல்

அரபு மொழியில் நாயைக் 'கல்பு' என்பர். அதே வேரிலிருந்து பிறந்த 'கலப்' என்னும் சொல் வெறிநாய்க்கடி நோயைக் குறிக்கும். விலங்கின் பெயரும் நோயின் பெயரும் ஒரே வேரில் நிற்பது, மக்கள் இவ்விரண்டையும் பண்டுதொட்டே இணைத்து அறிந்திருந்தனர் என்பதற்குச் சான்று. மருத்துவமேதை இப்னு ஸீனா தமது 'அல்கானூன்' நூலில் வெறிகொண்ட நாயின் கடியையும், கடியுண்டோர் நீரைக் கண்டு அஞ்சுவதையும் எடுத்துரைத்துள்ளார். நோயை அறிந்தனர், தடுக்கும் வழியை அறிந்திலர். 1885இல் பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த சிறுவன் ஒருவனுக்குத் தடுப்பு மருந்து செலுத்திக் காத்த பின்னரே அவ்வழி திறந்தது.

இந்நோயின் கொடுமை அது கொல்வதில் மட்டும் இல்லை, மறைந்திருப்பதிலும் இருக்கிறது. கடியுண்ட விலங்கு பல வாரங்கள், சிலபோது பல மாதங்கள், நலமாகவே உலவும். உண்ணும், விளையாடும், குழந்தைகளின் மடியில் உறங்கும். அறிகுறி தோன்றிய பின்னரோ மருந்தில்லை. செல்லப் பிராணிகளோடு நாடுவிட்டு நாடு குடிபெயரும் குடும்பங்களை நூறாண்டுக் காலம் வாட்டிய சட்டங்கள், இந்த மறைவிலிருந்தே பிறந்தன. அதனைத் தெளிவாகக் காட்டும் வரலாறு பிரிட்டனுடையது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு வேளாண் அமைச்சுப் பொறுப்பிலிருந்த வால்ட்டர் லாங், நாய்களுக்கு வாய்ப்பூட்டு இடவேண்டும் என ஆணையிட்டார். நாய் வளர்ப்போர் கொதித்தெழுந்தனர்; அவர் தளரவில்லை. 1897இல், கடல் கடந்து வரும் நாய்கள் உரிமம் பெற்றே வரவேண்டும் என்றும், வந்தபின் காவலில் இருக்கவேண்டும் என்றும் விதி வந்தது. அக்காவல் விரைவில் ஆறு மாதமாக நீண்டது. 1902இல் நோய் அத்தீவை விட்டு அகன்றது.

அகன்ற நோய் எவ்வாறு மீண்டது? பகைவர் கொண்டுவரவில்லை, அன்பே கொண்டுவந்தது. முதல் உலகப் போரின் முடிவில், களத்தில் தமக்குத் துணையாயிருந்த நாய்களைப் பிரிய மனமில்லாத படைவீரர் சிலர், அவற்றை ஒளித்துக் கொண்டுவந்தனர். 1918இல் நாட்டின் தென்மேற்கில் நோய் தலைகாட்டிற்று. அதனை மீண்டும் ஒழிக்க 1922 வரை ஆயிற்று. அதற்குள் முந்நூறுக்கும் மேற்பட்ட விலங்குகள் அந்நோய்க்கு இரையாயின. தம் நாயை ஆறு மாதம் பிரிய மறுத்தவர் சிலர். தம் நாயை என்றென்றைக்கும் இழந்தவர் பலர். இழந்தோர் ஒரு தவறும் செய்யாதவர்.

அதன்பின் எவரும் காவலைத் தளர்த்தத் துணியவில்லை. இந்தியாவிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் தாயகம் திரும்பிய ஆங்கிலேயக் குடும்பங்கள், துறைமுகத்திலேயே தம் விலங்குகளைக் காவற்கூடத்தில் ஒப்படைத்தன. செலவு உரிமையாளருடையது. சென்று காணலாம், அழைத்துவர இயலாது. முதிர்ந்த நாய்களுள் சில வீடு சேராமலே மாண்டன.

எனினும் அக்காவலும் முழுமையானதன்று. 1969இல், ஜெர்மனியிலிருந்து வந்து ஆறு மாதமும் கழித்து வெளிவந்த நாய் ஒன்றுக்கு, சில நாட்களிலேயே கேம்பர்லி என்னும் ஊரில் வெறி கண்டது. அவ்வூரைச் சூழ்ந்த காடுகளில் நரிகள் முதலியன சுட்டுக் கொல்லப்பட்டன. அடுத்த ஆண்டில் பாகிஸ்தானிலிருந்து வந்திருந்த மற்றொரு நாய்க்கும் அவ்வாறே நேர்ந்தது. விதிகள் கடுமையாயின. 1974ஆம் ஆண்டுச் சட்டம், விலங்குகளை ஒளித்துக் கொண்டுவருவோரைச் சிறையிலிடவும் இடமளித்தது.

மாற்றம் வந்தது எவ்வாறு? சட்டத்தை ஏய்த்தவர்களால் அன்று. அதன் அடிப்படையைக் கேள்வி கேட்டவர்களால். நோய் உடலில் ஒளிந்திருப்பதை அறிய வழியில்லாத நாளில் ஏற்பட்டது ஆறு மாதக் கணக்கு. பிற்காலத்தில் ஆற்றல் மிக்க தடுப்பூசிகள் வந்தன. ஊசி பயன் தந்ததா என்பதை இரத்தச் சோதனை காட்டியது. அரிசிமணி அளவுள்ள நுண்சில்லைத் தோலின் கீழ்ப் பொருத்தி, ஊசி போடப்பட்ட நாய் இதுவேதான் என்று உறுதிசெய்ய முடிந்தது. 'செல்லப் பிராணிகளுக்குக் கடவுச்சீட்டு' என்ற இயக்கத்தினர் இவற்றை எடுத்துக்காட்டி வாதிட்டனர். அறிஞர் குழு ஒன்று 1998இல் அதற்கு இசைவான பரிந்துரை அளித்தது.

2000 பிப்ரவரி 28இல் புதிய முறை தொடங்கியது. அதிலும் இரத்தச் சோதனைக்குப் பின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்றே விதித்தனர். ஆனால் காத்திருப்பது காவற்கூடத்தில் அன்று. புறப்படுமுன், தன் வீட்டில், தன் குடும்பத்தாரோடு! எச்சரிக்கை குறையவில்லை, அதன் இடம் மாறியது, பிரிவின் துயர் நீங்கியது. 2012இல் விதிகள் மேலும் எளிதாயின.

நம் நாட்டில் இந்நோய் இன்னும் ஒழிந்தபாடில்லை. ஆதலால் இங்கிருந்து பிரிட்டன் செல்லும் நாய்க்கும் பூனைக்கும் நுண்சில்லும் தடுப்பூசியும் இரத்தச் சோதனையும், இரத்தம் எடுத்த நாள்முதல் மூன்று மாதக் காத்திருப்பும் இன்றும் உண்டு. அயல்நாட்டில் குடியேறும் நம் குடும்பங்கள் பயணச்சீட்டு வாங்கிய பின் இதனை நினைத்தால் காலம் போதாது. வீட்டுப் பூனை அண்டை வீட்டாரிடம் விடப்படும், அல்லது தெருவில் விடப்படும். பல மாதங்களுக்கு முன்பே தொடங்கியோர்க்கு அந்நிலை இல்லை.

1918இல் நாயை மூட்டைக்குள் மறைத்தவரிடமும் அன்பு இருந்தது. பிற்காலத்தில் சான்று திரட்டி வாதிட்டவரிடமும் அன்பு இருந்தது. முன்னது அயலார் நலத்தைக் கணக்கில் கொள்ளவில்லை. பின்னது அதனையும் காத்து, தன் பிரிவையும் தவிர்த்துக்கொண்டது.