கைநாட்டும் கையெழுத்தும்



1714இல் போரில் மாண்ட தேசிங்கு ராஜனின் கதை செஞ்சிச் சீமையில் எழுத்தறியாதவர்களுக்கும் தெரியும். பெரிய எழுத்துப் புத்தகத்தை ஒருவர் வாசிக்க, சுற்றியிருந்தவர்கள் கேட்டார்கள். பாரதமும் பிரசங்கமாக, கூத்தாக இப்படித்தான் ஊரை எட்டியது. எழுத்து தனியொருவரின் திறமை மட்டுமல்ல, ஊர் கூடிச் செய்யும் காரியம். அந்தக் கூட்டத்தில் யார் எங்கே உட்காரலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது.

நம் முன்னோர் தமக்கான வாசிப்பு வெளியைத் தாமே உண்டாக்கினார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழையும், அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழையும் தொடங்கினார்கள். வாசிக்க ஒருவர் இருந்தாலே போதும், சேரி முழுவதற்கும் சேதி போய்ச் சேரும்.

அதே எழுத்து நம் நிலத்தையும் பறித்தது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீரின் 1891 அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. பத்தாண்டுகள் யாருக்கும் விற்கக் கூடாது. பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்கலாம். ஆனாலும் படிக்க முடியாத பத்திரங்களில் வைத்த கைநாட்டுகளால் நிலங்கள் கைமாறின.

ஏழு வயதுக்கு மேற்பட்டவர் ஏதேனும் ஒரு மொழியைப் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்திருந்தால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அவரை எழுத்தறிந்தவர் என்கிறது. தன் நிலத்தின் ஆவணத்தை அவரால் கேட்டு வாங்கிப் படிக்க முடிகிறதா என்று அது கேட்பதில்லை.

செஞ்சிக் கோட்டை 2025இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. ராஜாக்களின் வரலாற்றுக்குப் பலகை உண்டு. நம் வரலாறு கிராமத்தின் 'அ' பதிவேட்டில் இருக்கிறது. மாலை வகுப்புகளில் பட்டா, சிட்டா, அடங்கலைக் கூடி உட்கார்ந்து உரக்க வாசிப்போம்.