கார் ஒலியமைப்பில் மின் இரைச்சல்

காரில் பாட்டோடு சேர்ந்தோ, பாட்டு நின்ற பிறகு தனியாகவோ ஸ்பீக்கரில் கேட்கும் வேண்டாத ஒலியே மின் இரைச்சல். ரீங்காரம், சொடக்கு, சீறல், ஸ்டீரியோவைப் போட்டதும் 'டப்' என்று ஒரு அடி எனப் பல வடிவங்களில் வரும். கம்பெனியிலிருந்து வந்த ஒலியமைப்பில் இது குறைவு. பிறகு தனி ஆம்ப்ளிஃபயரும் ஊஃபரும் ஏற்றிய வண்டிகளில்தான் பெரும்பாலும் தலைகாட்டும். பெரும்பாலும் எந்தப் பொருளிலும் பழுது இருக்காது. பொருள்களைச் சேர்த்த விதத்தில் இருக்கும். இது தெரியாமல் முதலில் ஆம்ப்பையும் அடுத்து ஸ்டீரியோவையும் மாற்றிப் பணம் தொலைத்தவர்கள் நிறையப் பேர்.

தோற்றுவாய்

கார் ரேடியோவும் இரைச்சலும் கூடப்பிறந்தவை. 1930-இல் சிகாகோவின் கால்வின் நிறுவனம் 'மோட்டோரோலா' என்ற பெயரில் 5டி71 ரேடியோவைக் கொண்டுவந்தபோது பெரிய தலைவலியாக இருந்தது என்ஜினின் தீப்பொறி. பிளக்கில் பாயும் ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி ரேடியோ நிலையம் மாதிரி அலை பரப்பும். இன்று பிளக்குக்கு உள்ளேயே சுமார் 5,000 ஓம் மின்தடை வைத்து அதை அடக்கிவிடுகிறார்கள். 1960-இல் கிரைஸ்லர் தன் வேலியன்ட் காரில் டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டரைப் பொருத்தியது. மற்ற நிறுவனங்களும் அந்த வழிக்கு வர, இரைச்சலின் சுருதியே மாறிப்போனது.

ஆல்டர்னேட்டர் உண்டாக்குவது மூன்று கட்ட மாறுமின்சாரம். ஆறு டயோடுகள் அதை நேர்மின்சாரமாக்குகின்றன. ஆனால் அது தரைபோல மட்டமாக வருவதில்லை, மேலே சிற்றலை மிதக்கும். 12 துருவம் கொண்ட ஆல்டர்னேட்டரில் சுற்றுக்கு 36 சிற்றலை. ஐடிலிங்கில் என்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று, புல்லி அதை 2.5 மடங்காக்குகிறது என்று வைத்துக்கொண்டால், ஆல்டர்னேட்டர் 2,000 சுற்று சுற்றும். பிறக்கும் ஒலி 1,200 ஹெர்ட்ஸ். ஆக்ஸிலேட்டரை மிதித்து என்ஜினை 2,000 சுற்றுக்குக் கொண்டுபோனால் 3,000 ஹெர்ட்ஸ். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் இடம் அதுதான். ஒரு சில மில்லிவோல்ட் கசிந்தாலே பாட்டு கெட்டுவிடுவது அதனால்தான்.

எர்த் வளையம்

அந்தச் சிற்றலை பாட்டுக்குள் எப்படி நுழைகிறது? காரின் இரும்பு உடலே பேட்டரிக்குத் திரும்பும் வயர்; மெக்கானிக்குகள் 'பாடி எர்த்' என்பது இதைத்தான். ஸ்டீரியோவுக்கு டேஷ்போர்டில் ஓரிடத்தில் எர்த், ஆம்ப்புக்கு டிக்கியில் வேறோர் இடத்தில் எர்த். இரண்டும் ஒன்றுதான் என்று நினைக்கிறோம், மின்சாரத்துக்கு அப்படியில்லை. ஆம்ப் 40 ஆம்பியர் இழுக்கும்போது எர்த் இணைப்பில் 0.01 ஓம் தடை இருந்தால், அங்கே 0.4 வோல்ட் நிற்கும். ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிளின் வெளிப்பின்னல் வழியே அந்த வேறுபாடு பாய, சிற்றலையும் கூடவே போகிறது. இந்தச் சுற்றுப்பாதைதான் எர்த் வளையம். ஆம்ப்புக்குப் பாட்டு எது, சிற்றலை எது என்று தெரியாது. இரண்டையும் பெருக்கித் தள்ளும்.

பவர் வயர் ஒரு பக்கம், ஆர்சிஏ மறுபக்கம் என்று கடைக்காரர்கள் வேதம்போல் சொல்வார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் வயர்கள் பக்கத்தில் ஓடுவதால் மட்டும் வரும் ரீங்காரத்தைவிட எர்த் வளையத்தால் வருவதே மிக அதிகம்.

கண்டறிதல்

ஸ்பேனரை எடுக்கும் முன் காதைத் தீட்ட வேண்டும். என்ஜின் வேகத்தோடு சுருதி ஏறினால் ஆல்டர்னேட்டர். வேகத்தோடு நெருங்கி வரும் 'டிக் டிக்' என்றால் இக்னிஷன். என்ஜினை அணைத்தும் சீறல் நிற்கவில்லையானால் ஆம்ப்பின் கெயின் அளவுக்கு மேல் திருகப்பட்டிருக்கலாம். கெயின் என்பது வால்யூம் அல்ல, ஸ்டீரியோ தரும் சிக்னலின் அளவுக்கு ஆம்ப்பைப் பொருத்தும் திருகு என்று யாரும் சொல்லித் தருவதில்லை. வால்யூமைக் கூட்டும்போது இரைச்சலும் கூடினால் அது வால்யூம் கட்டுப்பாட்டுக்கு முன்னாலேயே நுழைந்துவிட்டது. கூடாமல் அப்படியே நின்றால் அதற்குப் பின்னால் நுழைகிறது.

பிறகு வால்பக்கத்திலிருந்து தேடுவதே சுருக்கு வழி. ஆம்ப்பிலிருந்து ஆர்சிஏவைக் கழற்றி, உள்முனையும் வெளிவளையமும் ஒன்றாக இணைக்கப்பட்ட பிளக்கைச் செருக வேண்டும். இரைச்சல் தொடர்ந்தால் குற்றவாளி ஆம்ப்பின் எர்த், பவர், அல்லது எங்கோ தகட்டில் உரசும் ஸ்பீக்கர் வயர். நின்றுவிட்டால் ஆம்ப் நிரபராதி. அடுத்து, சார்ஜர் செருகாத போனை நேரடியாக ஆம்ப்பில் இணைத்துக் கேட்கலாம். அதுவும் சுத்தமாக இருந்தால் சந்தேகம் ஸ்டீரியோ மீதும் கேபிள் மீதும் விழும். புதிய கேபிள் ஒன்றை சீட்டுகளுக்கு மேலாகவே தற்காலிகமாகப் போட்டுப் பார்த்தால் அதுவும் தெளிந்துவிடும். ஆன்டெனா செருகியைக் கழற்றிப் பார்க்கவும் மறக்கக் கூடாது. அதன் மேலுறையும் ஓர் எர்த்.

ஒரு கண்ணி இங்கே உண்டு. சில ஸ்டீரியோக்களில் ஆர்சிஏ எர்த் பாதையில் மிக நுண்ணிய ஃபியூஸ் இருக்கும். ஸ்டீரியோ ஓடும்போதே ஆர்சிஏவைக் கழற்றி மாட்டினால் அது போய்விடக்கூடும். ஆர்சிஏ வெளிவளையத்தை ஒரு துண்டு வயரால் ஸ்டீரியோவின் உலோக உடலோடு தொட்டதும் ரீங்காரம் அடங்கினால் இதுதான் கதை.

மல்டிமீட்டரை ஏசி அளவில் வைத்து, என்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் பார்ப்பதும் உதவும். சில பத்து மில்லிவோல்ட் இயல்பு. அரை வோல்ட்டை எட்டினால் டயோடு போயிருக்கிறது. அது ஆல்டர்னேட்டர் கடைக்கான வேலை.

சரிசெய்தல்

ஆம்ப்பின் எர்த் வயர் பவர் வயரின் தடிமனுக்குக் குறையாமல், அரை மீட்டருக்குள் முடிய வேண்டும். அமரும் இடத்தில் பெயின்ட்டை வெறும் தகடு தெரியும்வரை சுரண்டி, இறுக்கி, துரு ஏறாமல் மேலே பூசிவிட வேண்டும். சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் மாட்டுவது வழக்கமாகிவிட்டது. அது நல்ல எர்த்தும் அல்ல, உயிர்காக்கும் போல்ட்டில் கைவைப்பது சரியும் அல்ல.

ஃபில்டர் விற்பவர்கள் முதலிலேயே ஃபில்டரைத்தான் நீட்டுவார்கள். பவர் வயரில் செருகும் ஃபில்டர், எர்த் வளையத்தால் வரும் ரீங்காரத்தை ஒன்றும் செய்யாது. வாங்கி மாட்டும் பொருள் கைகொடுக்கும் இடம் ஒன்று உண்டு: போனை ஆக்ஸ் வயரில் பாடவிட்டு, அதே நேரம் லைட்டர் சாக்கெட்டில் சார்ஜும் போடும்போது எழும் ரீங்காரம். இங்கே போனின் எர்த்தே இரண்டு வழியாகப் போகிறது. சிறு மின்மாற்றி கொண்ட ஐசொலேட்டர் அதைத் துண்டிக்கும். மலிவானவை பேஸையும் சேர்த்து விழுங்கிவிடும். புளூடூத்தில் கேட்டால் செலவே இல்லை.

மின்சாரக் கார்களில் ஆல்டர்னேட்டர் இல்லை. ஆனால் மோட்டாரை ஓட்டும் இன்வர்ட்டர் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை மின்சாரத்தை வெட்டி ஒட்டுவதால் ஏஎம் அலைவரிசை சிதைகிறது. பிஎம்டபிள்யூ தன் ஐ3 காரை அமெரிக்காவில் ஏஎம் இல்லாமலேயே விற்றது.